காலிப் படுக்கை வீணா?

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பெருநகர அரசு மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் கட்டில்களுக்கு இடையே பாய் விரித்து நோயாளிகள் படுத்திருக்கும் காட்சி புதியதல்ல. ஆனால் அரசின் ஆவணம் வேறொன்றைச் சொல்கிறது. 707 மாவட்ட மருத்துவமனைகளின் 2017-18ஆம் ஆண்டு விவரங்களைத் தொகுத்து நிதி ஆயோக் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி அம்மருத்துவமனைகளின் சராசரி படுக்கை நிரம்பல் விகிதம் 57 சதவீதம். அதாவது பத்துப் படுக்கைகளில் நான்கு காலி. தரையிலே நோயாளி, ஏட்டிலே காலிப் படுக்கை! இந்த முரண்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது?

69 படுக்கைகளின் பொருள்

முதலில் கணக்கைப் பார்ப்போர் தெளிவு பெறுவர். 10 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாவட்டம். அங்கே ஆண்டுதோறும் 50 பேருக்கு ஒருவர் உள்நோயாளியாகச் சேர்கிறார். சராசரியாக 5 நாள் தங்குகிறார் என்று கொள்வோர், ஆண்டுக்கு 20,000 சேர்க்கைகள், ஒரு லட்சம் படுக்கை நாட்கள் என்ற முடிவுக்கு வருவர். அதனை 365ஆல் வகுத்தால் 274 படுக்கைகள் போதும் என்று தோன்றும்.

ஆனால் நோய் அட்டவணை போட்டுக்கொண்டு வருவதில்லை. மழைக்காலத்தில் டெங்கு பெருகும். ஒரே பேருந்து விபத்தில் முப்பது பேர் வந்து சேர்வர். நிரம்பல் விகிதம் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் அதே மாவட்டத்திற்கு 343 படுக்கைகள் தேவை. இடையில் உள்ள 69 படுக்கைகள் தணிக்கையாளரின் கண்ணுக்கு வீண்செலவு. நள்ளிரவில் இரத்தப்போக்குடன் கொண்டுவரப்படும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கோ அவைதாம் உயிர்.

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கணினி மாதிரியின் துணையுடன் இதையே காட்டியது. சராசரி நிரம்பல் 85 சதவீதத்தைக் கடந்தால் ஆபத்து தென்படத் தொடங்கும். 90 சதவீதமும் அதற்கு மேலும் போனால் படுக்கை நெருக்கடி அடிக்கடி நிகழும் என்பது அதன் முடிவு.

அந்த நெருக்கடியின் விளைவுகளைச் சுமப்பவர் நோயாளியே. அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே மணிக்கணக்கில் காத்திருக்கிறார். எலும்பு முறிவுக்கு வந்தவர் இடமிருக்கும் வேறு வார்டுக்கு அனுப்பப்படுகிறார். அவரைப் பார்க்க வேண்டிய மருத்துவர் அங்கே வருவது தாமதமாகிறது. கட்டிலைத் துடைத்துத் தூய்மை செய்ய நேரமின்றி அடுத்தவர் படுக்க வைக்கப்படுவதால் தொற்று பரவுகிறது. புண் ஆறுமுன்னரே டிஸ்சார்ஜ் சீட்டு எழுதப்படுகிறது. செவிலியர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்தே நிர்ணயிக்கப்படுவதால், தரையில் கிடப்பவருக்கென்று ஒரு செவிலியர்கூடக் கணக்கில் இல்லை.

சராசரி மறைப்பது

அப்படியானால் 57 சதவீதம் என்பது ஆறுதலான செய்தியா? அல்ல. படுக்கை என்பது இரும்புக் கட்டிலும் மெத்தையும் மட்டுமல்ல. மருத்துவர், செவிலியர், மருந்து, ஆக்சிஜன், இரத்த வங்கி, ஆய்வகம் எல்லாம் சேர்ந்ததே படுக்கை. மயக்க மருந்து நிபுணர் இல்லாத மாவட்ட மருத்துவமனையில் அறுவை அரங்கு பூட்டிக் கிடக்கும். நோயாளியின் கையில் பரிந்துரைச் சீட்டு திணிக்கப்படும். அவர் அந்தக் காலிப் படுக்கைகளைக் கடந்துதான் தலைநகரின் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார். தில்லி எய்ம்ஸ் வாயிலின் நடைபாதையில் குடும்பத்தோடு இரவைக் கழிக்கும் வெளிமாநில மக்கள் இந்தப் பயணத்தின் சாட்சிகள். கீழே வெறுமையும் மேலே நெரிசலும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

அதே அறிக்கை, மாவட்ட மருத்துவமனைகளில் லட்சம் பேருக்குக் குறைந்தது 22 படுக்கைகள் வேண்டும் என்ற நெறியைச் சுட்டுகிறது. நாட்டின் சராசரி 24. நெறி நிறைவேறியது போலத் தோன்றும். ஆனால் புதுச்சேரியில் 222, பீகாரில் 6! சராசரி என்ற போர்வைக்குள் பீகாரின் ஏழை மறைந்துபோகிறார்.

சந்தைப் படுக்கைகள்

இந்த வெறுமையைக் காட்டியே தனியாரை அழைத்துவரும் வாதம் எழுகிறது. மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளுடன் இணைக்கும் திட்டத்திற்காக நிதி ஆயோக் 2020இல் சுற்றுக்கு விட்ட வரைவு, படுக்கைகளை ‘ஒழுங்குபடுத்தப்பட்டவை’ என்றும் ‘சந்தைப் படுக்கைகள்’ என்றும் பிரித்தது. சந்தைக்குப் போன படுக்கை காலியாக இருந்தால் நட்டம். பணம் கொடுப்பவரால் அது நிரப்பப்பட வேண்டும். இதன் விலை என்ன? 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்வதற்கான சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய்.

அதற்காகப் படுக்கை மேலாண்மையே தேவையில்லை என்று கூறிவிட முடியாது. ஸ்கேன் தேதிக்காக ஒரு வாரம் காத்திருக்கும் நோயாளி, தன் தவறின்றியே இன்னொருவரின் படுக்கையை அடைத்துக்கொண்டிருக்கிறார். பரிசோதனையை விரைவுபடுத்துவதும், மாவட்டம் முழுவதும் எங்கே இடமுள்ளது என்பதை அன்றாடம் அறிந்து நோயாளியை அனுப்புவதும் மக்கள் நலன் சார்ந்த பணிகளே. ஆட்களைக் குறைத்துவிட்டு, விரைவாக வீட்டுக்கு அனுப்புவதையே இலக்காக்குவதுதான் எதிர்க்கப்பட வேண்டியது.

சுருங்கிய கனவு

1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கைகளே இருந்தன. நீண்டகால இலக்காக அக்குழு வைத்தது 5.67. எழுபது ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வைத்த இலக்கு வெறும் 2. காலனி ஆட்சிக் காலத்தின் குழு கண்ட கனவைவிடச் சுதந்திர இந்தியாவின் இலக்கு சிறுத்துவிட்டது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதி மருத்துவமனையில் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். அனுமதிக்கப்பட்ட படுக்கைகளில் உண்மையில் இயங்குபவை எத்தனை? அவற்றுக்கான மருத்துவர், செவிலியர் பணியிடங்களில் காலியானவை எத்தனை? சென்ற மாதம் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தக் குறைபாட்டால்? இவற்றுக்கான விடைகள் வார்டு வாசலில் மக்கள் படிக்கும்படி எழுதப்பட வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. கட்டில் காலியாக இருக்கலாம். செவிலியரின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.