சட்டாம்பிள்ளை லண்டனுக்கு வந்த கதை



இன்று பரிசு பெற மேடை ஏறப்போகிறவர்கள் ஆறு பேர். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். பேச்சுப்போட்டிக்கான பரிசு இல்லை, தேர்வு மதிப்பெண்ணுக்கான பரிசும் இல்லை. ஓராண்டாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், பக்கத்து அறையில் உட்கார்ந்து, தங்களுக்கு இளையவர்களுக்குப் பள்ளிப்பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கணிதம் சொல்லிக்கொடுத்தார்கள், அறிவியல் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாவற்றையும்விட அதிகமாக வரலாறு சொல்லிக்கொடுத்தார்கள். யாழ்ப்பாண வழக்கில் சொன்னால், படிப்பித்தார்கள். அவர்களைப் பாராட்ட என்னை அழைத்தீர்கள். பாராட்டுவேன். அதற்கு முன் இந்தப் பிள்ளைகள் யாருடைய வழியில் நடக்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நம்மில் பலர் அன்றாடம் வேலைக்குப் போகும் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையம் இருக்கிறது. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் புனித பொட்டோல்ஃப் தேவாலயம். அதைச் சேர்ந்த தருமப் பள்ளியில் 1798ஆம் ஆண்டு ஒரு புதிய முறையைத் தொடங்கினார்கள். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறை. அதற்கு இந்த நாட்டார் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மதராஸ் முறை'! இங்கிலாந்தின் கல்வி வரலாற்று நூல்களில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

மதராஸ் எப்படி ஆல்ட்கேட்டுக்கு வந்தது? ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர். 1787இல் இந்தியா வந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் குழந்தைகளுக்கான ஓர் அநாதை விடுதி திறக்கப்பட்டது. வெள்ளைக்காரப் படைவீரர்களுக்கு நம் ஊரில் பிறந்து, ஆதரவில்லாமல் நின்ற சிறுவர்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அதன் பள்ளிப் பொறுப்பு பெல்லிடம் வந்தது. கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒரு காலை, குதிரையில் போகும் வழியில், நம் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். 'மலபார்' பிள்ளைகள் என்றார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள்.

பள்ளிக்குத் திரும்பியதும், கடைசி வகுப்புப் பிள்ளைகளை இப்படி மணலில் எழுதப் பழக்குங்கள் என்றார். உதவி ஆசிரியர் நடக்காத காரியம் என்று கைவிரித்துவிட்டார். பெல் அவரை விட்டுவிட்டு ஒரு சிறுவனைக் கூப்பிட்டார். பெயர் ஜான் ஃபிரிஸ்கன். சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகன். வயது எட்டு. பெரியவர் முடியாது என்ற வேலையை அந்த எட்டு வயதுப் பிள்ளை செய்து முடித்தான். எழுத்தறியாத பிள்ளைகளுக்கு எழுத்து வந்தது. பிறகு வகுப்பு வகுப்பாக அந்தப் பள்ளியே மாணவர் கைக்கு மாறியது.

முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் எட்டு வயதுக்காரர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஃபிரிஸ்கன் உங்கள் உயரம்தான் இருந்திருப்பான்.

1797இல் பெல் தம் சென்னை அனுபவத்தை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். மணலில் எழுதுவதை நம் பள்ளியில் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். மாணவரைக் கொண்டே கற்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்பது அவர் எண்ணம். திண்ணைப் பள்ளியை அறிந்த எவரும் அதை அப்படியே ஏற்கமாட்டார். நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். வாத்தியார் வருவதற்கு முன்னே வகுப்பைக் கூட்டி, தான் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்ல முறை வைத்து, சுவடி பார்த்துத் திருத்திய மூத்த மாணவன் அவன். உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பள்ளிகளை நமக்காக எழுதிவைத்திருக்கிறார். அதோடு, பெல்லுக்கு மாறான சாட்சி இதே லண்டனில் இருக்கிறது. ஆல்ட்கேட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், லெடன்ஹால் தெருவில் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம். அங்கிருந்த இயக்குநர்கள் 1814இல் வங்காளத்துக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் தொன்றுதொட்டு நடந்துவரும் கற்பிக்கும் முறையைத்தான் பெல் வழியாக இங்கிலாந்து எடுத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கிறார்கள். நம்மை ஆண்டவர்கள் கைப்பட எழுதிய வாக்குமூலம் அது.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லையும் பாருங்கள். தமிழ்நாட்டில் அது வகுப்பின் மூத்த மாணவனைக் குறித்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியரையே 'சட்டம்பியார்' என்றார்கள். கற்கிறவனுக்கும் கற்பிக்கிறவனுக்கும் நடுவே நம் மொழி எவ்வளவு மெல்லிய கோடு போட்டிருக்கிறது! ஆறுமுக நாவலரும் அந்தக் கோட்டில் நின்றவர்தான். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் வெஸ்லியன் பள்ளியில் ஆங்கிலம் படித்த இளைஞர், இருபது வயதை ஒட்டி அதே பள்ளியில் மேல்வகுப்புக்குத் தமிழும் கீழ்வகுப்புக்கு ஆங்கிலமும் கற்பித்தார். பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் பாலபாடங்கள் எழுதிய கை அது. கீழ்வகுப்பின் திணறலைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் அந்தக் கைக்கு உதவியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பெருமை பேசிவிட்டுக் குறையை மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில், 1826இல் அந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அங்கே பெண் பிள்ளைகள் மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் திறக்கவே இல்லை. இன்று பரிசு வாங்கும் ஆறு பேரில் நான்கு பேர் பெண்கள். அந்தத் திண்ணை அவர்களை ஏற்றியிருக்காது. ஆகவே பழையதை அப்படியே மீட்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை.

லண்டனில் அந்த முறைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறேன். அதே 1798இல் தேம்ஸுக்குத் தென்கரையில், சதக்கில், ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இருபது வயதை ஒட்டிய இளைஞர் தம் பள்ளியைத் தொடங்கினார். அவரும் மாணவரைக் கொண்டே கற்பித்தார். அது பின்னர் பரோ ரோடு பள்ளி என்று பெயர் பெற்றது. அங்கே வளர்ந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் வழி இன்றைய பிரூனல் பல்கலைக்கழகம் வரை வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள். இந்த முறையில் பள்ளிகளை நடத்தப் பெல்லின் பக்கம் ஒரு சங்கம், லங்காஸ்டரின் பக்கம் ஒரு சங்கம். பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்தின் கல்விக்கென்று முதன்முதலாகப் பொதுப்பணம் ஒதுக்கியது 1833இல். அந்த 20,000 பவுனும் இந்த இரண்டு சங்கங்களுக்கே போயிற்று. அதற்கு முந்தின ஆண்டு இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்திருந்தார்கள்.

இவ்வளவு மரியாதை பெற்ற முறை ஏன் நிலைக்கவில்லை? மலிவு என்பதற்காக அதைப் பெரிதாக்கினார்கள். ஓர் ஆசிரியர், ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆயிரம் பேரைக்கூட ஒருவரே சமாளிக்கலாம் என்று லங்காஸ்டர் பேசினார். சட்டாம்பிள்ளை வரிசைக் காவலாளி ஆனான். புரிந்ததா என்று கேட்க அவனுக்கு நேரமில்லை, ஒப்பித்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை தனக்கே தெரியாததை மற்றவனுக்குக் கத்திச் சொல்லிக்கொடுத்தது. 1846இல் அரசு வேறு வழிக்குப் போயிற்று: பதின்மூன்று வயது நிரம்பியவர்களை ஐந்தாண்டு மாணவ ஆசிரியர்களாக அமர்த்தி, அவர்களுக்கும் நாள்தோறும் தலைமையாசிரியர் பாடம் நடத்த ஏற்பாடு செய்தது. கற்பிக்கிற பிள்ளைக்கும் கற்பிக்க ஒருவர் வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த நாட்டுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பிடித்தது.

அந்தப் பாடத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் நம் பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்று சனிக்கிழமை போனேன். ஒரு நாள் கண்டதைச் சொல்கிறேன்.

ஜி.சி.எஸ்.இ. வரலாற்றில் மருத்துவத்தின் வரலாறு ஒரு பாடம். அதில் 1854ஆம் ஆண்டு சோஹோவில் வந்த காலரா. எதிரே ஒரு பையன், பத்தாம் ஆண்டு. சொல்லிக்கொடுக்கும் அக்கா அவனைவிட இரண்டு வயதே மூத்தவள். அவன் எழுதியிருந்த விடை இரண்டு வரி. டாக்டர் ஜான் ஸ்னோ பிராட் தெருத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றவைத்தார், காலரா நின்றது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அந்தத் தெருவிலேயே ஒரு பியர் வடிசாலை இருந்தது, அங்கே வேலை செய்தவர்களுக்கு ஏன் காலரா வரவில்லை என்று கேட்டாள். பையன் யோசித்தான். அவர்கள் பியர் குடித்தார்கள், குழாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்றான். முகம் மலர்ந்துவிட்டது. உடனே அவனிடமிருந்து ஒரு கேள்வி: "அக்கா, அப்ப கைப்பிடியைக் கழட்டின அண்டைக்கே காலரா நிண்டுட்டுதா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். அடுத்த கிழமை தேடிப் படித்து வந்தாள். செப்டம்பர் 8ஆம் தேதி கைப்பிடி கழற்றப்படும் முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. மக்கள் பயந்து தெருவைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். இதை ஸ்னோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். நோய் அடங்கியபின் கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். தண்ணீரே காரணம் என்று அவர் சொன்னதை அதிகாரிகள் பலர் ஏற்கவே இல்லை. லண்டன் தன் சாக்கடைகளைப் புதிதாகக் கட்ட முனைந்தது 1858இல் தேம்ஸ் நாறி, அந்த நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான். ஸ்னோ அந்த ஆண்டே இறந்துபோனார். பையனின் இரண்டு வரி விடை ஒரு பக்கமாயிற்று. அவளோ தன் ஏ லெவல் வகுப்பில் எந்தக் கூற்றையும் ஆதாரம் கேட்காமல் விடுவதில்லை என்று அவள் தாயார் சற்றுமுன் என்னிடம் சொன்னார்.

இதைத்தான் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1982இல் கோஹன் என்பவரும், குலிக் என்ற பெயர் கொண்ட இருவரும் அமெரிக்காவில் 65 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கற்ற பிள்ளை மட்டுமில்லை, கற்பித்த பிள்ளையும் அந்தப் பாடத்தில் முன்னேறியது என்று கண்டார்கள். பெற்றோரே, இதை உங்களுக்காகச் சொல்கிறேன். "என் பிள்ளைக்குச் சோதனை வருகிறது, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வீணாகிறது" என்று சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டீர்கள். உங்கள் கவலை எனக்குத் தெரியும். இரண்டு வேலை செய்து, வீட்டு வாடகை கட்டி, மிச்சத்தில் பிள்ளைக்கு டியூஷன் பணம் கட்டுகிறவர்கள் நீங்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் வீண் இல்லை. அது உங்கள் பிள்ளையின் படிப்பேதான்.

டியூஷன் பணம் கட்டவே முடியாத வீடுகளும் இந்த மண்டபத்தில் இருக்கின்றன. கொரோனாவுக்குப் பின் அரசு 2020இல் தொடங்கிய தேசியத் தனிப்பயிற்சித் திட்டம் 2024இல் முடிந்துவிட்டது. அந்தப் பணம் நின்ற பிறகு, ஒன்பதாம் ஆண்டில் பின்தங்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அதே பள்ளியில் அதே ஆசிரியரிடம் அதே பாடத்தில் முந்தாநாள் திணறி, கரையேறி நிற்கும் அண்ணா இருக்கிறான், அக்கா இருக்கிறாள். எந்த இடத்தில் வழுக்கும் என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

பள்ளி நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளை மலிவு ஆசிரியர்களாக ஆக்கிவிடாதீர்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். அறையில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் அந்த ஆறு பேருக்கு வகுப்பு எடுக்கிறோம். எப்படிக் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று சொல்லித்தருகிறோம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேடைக்கு வரப்போகும் என் பிள்ளைகளே, எழும்பூரில் ஓர் எட்டு வயதுச் சிறுவன் மணலில் தொடங்கிய வேலையை நீங்கள் இந்த நகரத்தில் மேசை மேல் செய்கிறீர்கள். அவனுக்கு யாரும் பரிசு கொடுத்ததாக நான் படித்ததில்லை. உங்களுக்குக் கொடுக்கிறோம். வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். பக்கத்து அறைக்கு வர இப்போது பதினேழு சின்னப் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வரலாற்றுக்கு நான்கு பேர், கணிதத்துக்கு ஐந்து பேர் வேண்டும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பதினாறு வயது நிரம்பிய பிள்ளைகள் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்ததும், தொடங்குகிறோம்.