பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்!

(ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சப்படியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச இன்று நாம் வரவில்லை. குழந்தைகளுக்கு வரும் பேதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாம் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. ஆனால் இது வைத்தியர்களிடம் மட்டும் இருந்து பயனில்லாத விஷயம். அடுப்பங்கரைக்கு வந்து சேர வேண்டிய விஷயம்.

பேதி கண்ட குழந்தை எதனால் சாகிறது? கிருமியால் என்பீர்கள். கிருமி ஆரம்பித்து வைக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோவது, உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிப்போவதே. வளர்ந்த ஆள் சற்றுத் தாங்குவார். ஆறு மாதக் குழந்தையின் உடம்பு எவ்வளவு, அதிலுள்ள தண்ணீர் எவ்வளவு? காலையில் ஆரம்பித்த பேதி இரவுக்குள் கண்ணைக் குழிவிழச் செய்துவிடும். அந்த நேரத்தில் பல வீடுகளில் என்ன செய்கிறார்கள்? "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று தண்ணீரை நிறுத்துகிறார்கள். தாய்ப்பாலையும் நிறுத்துகிறார்கள். ஓட்டைப் பானை ஒழுகுகிறது என்று ஊற்றுவதை நிறுத்தினால் பானை காலியாகுமே தவிர ஓட்டை அடைபடாது.

இன்னொரு பக்கம், எடுத்ததற்கெல்லாம் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லி ஓடுகிறோம். பாட்டில் ஏற்றாத டாக்டரை டாக்டராகவே மதிப்பதில்லை. ஒரு நாள் கூலி போகிறது, கைமாற்றும் வட்டியும் சேருகிறது. நினைவு தப்பிய குழந்தைக்கும் குடிக்கவே முடியாத குழந்தைக்கும் நரம்பில் ஏற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. மற்றப் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய் வழியே கொடுப்பதே போதும்.

இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய இடங்களில் ஒன்று, ஓர் அகதி முகாம். 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சோபலட்சம் ஜனங்கள் உயிருக்குப் பயந்து மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். எல்லையோர ஊரான போங்காவில் காலரா பரவிற்று. அங்கே இருந்தது சிறிய ஆஸ்பத்திரி. கட்டில் போதாமல், வாந்தியும் பேதியுமாய்க் கிடந்த தரையிலேயே நோயாளிகளும் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அப்போது டாக்டர் திலீப் மகாலநபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று கணக்கிட்டு, கல்கத்தாவில் பொட்டலம் கட்டவைத்து, முகாமில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார். புகட்டியது யார்? அத்தனை நர்சுகளுக்கு எங்கே போவது? தாயும் அக்காளும் அண்ணனுமே குவளையில் பிடித்துப் பிடித்துப் புகட்டினார்கள். அதற்குமுன் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்தார்கள். அவர் பார்த்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

பெரிய மனிதர்கள் உடனே நம்பிவிடவில்லை. உப்பும் சர்க்கரையும் மருந்தா என்று கேட்டார்கள். 1978-ல்தான் லண்டனின் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதிற்று. அந்த டாக்டர் 2022-ல் மறைந்தார். பத்ம விபூஷண் விருது 2023-ல் வந்தது! நமது சர்க்காரின் சுறுசுறுப்பு அப்படி.

உப்பும் சர்க்கரையும் ஏன் சேர வேண்டும்? குடலின் சுவரில் ஒரு வாசல் உண்டு. உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். பேதியின்போதும், காலராவின்போதும்கூட, அந்த வாசல் அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் போன உப்பு திரும்பாது. சர்க்கரை கூடினால் குடலிலுள்ள தண்ணீரை அதுவே இழுத்துப் பேதியை அதிகமாக்கும். உப்பு கூடினால் மூளைக்கே ஆபத்து. ஆகையால் அளவுதான் இங்கே மருந்து.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசம். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீருக்கு என்று அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பதும், பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைப்பதும் கூடவே கூடாது. பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரையும், அதே கரண்டியால் தலைதட்டி அரைக் கரண்டி உப்பும் போடலாம். கரண்டி என்றால் ஐந்து மில்லி கொள்ளும் தேக்கரண்டி. குழம்புக் கரண்டி அல்ல! கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி. பெரிய குழந்தைக்கு அதைப்போல் இரு மடங்கு. மடமடவென்று ஊற்றாமல் கரண்டி கரண்டியாய்க் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். தாய்ப்பாலும் கஞ்சியும் நிற்கவேண்டாம். நர்ஸ் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

குழந்தை துவண்டுபோனால், கண் உள்ளே போனால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், சிறுநீர் நின்றால், பேதியில் ரத்தம் கண்டால், குடிக்க முடியாமற் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வழியெல்லாம் புகட்டிக்கொண்டே போங்கள்.

கடைகளில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரைச் சில கம்பெனிகள் விற்று வந்தன. அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பெயர் போனாலும் சரக்கு அதேதான். பேதி கண்ட குழந்தைக்கு அது ஆகாது.

வங்கதேசத்தில் 1980-க்குப் பின் பத்தாண்டுகளில், 'பிராக்' என்ற அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு உப்பும் வெல்லமும் கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீடு ஏறினாய் என்று கணக்குப் பார்த்து அவர்களுக்குக் கூலி தரவில்லை; தாய் எத்தனை சரியாகக் கரைத்துக் காட்டுகிறாள் என்று பார்த்துத் தந்தார்கள். நாமும் அப்படித்தான் செய்யப்போகிறோம். இதோ மேஜைமேல் லிட்டர்ப் பாத்திரமும் கரண்டியும் இருக்கின்றன. ஒவ்வொருவராக முன்னால் வந்து கரைத்துக் காட்டுங்கள். ஆண்களும் வரவேண்டும், ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள்.