மறைத்த முகவரி
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டு காணும் நம் கல்விச் சங்கத்தின் மேடையில், ‘நான் வளர்ந்த விதம்’ பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வாழ்ந்து முடித்தவர்கள் பேச வேண்டிய பொருள் இது. வாழத் தொடங்கியிருக்கும் நான் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அது பெருமைப்படத்தக்க செய்தியும் அன்று. எனினும் என் போன்ற இளையோர் பலர் நெஞ்சிலும் அது இருக்கக்கூடும் என்பதால் மனந்துணிந்து சொல்கிறேன்.

நம் தென்னேரியின் பெருமையை நீங்கள் அறிவீர்கள். திரையனேரி என்னும் பழம்பெயரே தென்னேரி என மருவிற்று என்பர் அறிஞர். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று நமது ஏரி. அதன் நீரால் விளைந்த நெல்லை நம் முன்னோர் நட்டார்கள், அறுத்தார்கள், களத்தில் அடித்தார்கள்; பிறர் வீட்டுக் குதிரில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வயலில் வேலை குறைந்த காலத்தில் காஞ்சிபுரத்துத் தறிகள் நம் பிள்ளைகளை அழைத்தன. என் தாயார் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர்.

உடல் ஒரு வண்ணமும் கரை வேறொரு வண்ணமுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவரே அம்மூன்றையும் செலுத்த இயலாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒருவர் அமர வேண்டும். அந்த இடத்தில்தான் என் தாயார் ஒன்பது வயதில் அமர்ந்தார். என் பாட்டனார் வாங்கிய முன்பணம் அவரை அங்கே அமர்த்தியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தி என் தாயார் அமர்ந்திருந்த தறிக்குழிக்கு வந்து சேரவில்லை. எத்தனையோ மணமகளிர் உடுத்திய பட்டில் அவர் கை பட்டிருக்கிறது. ஒரு பட்டுச் சேலையேனும் அவர் உடுத்தியதில்லை.

தாம் இழந்த பள்ளியை எனக்குத் தர வேண்டும் என்பதே அவருடைய ஒரே பிடிவாதம். சமுதாயக் கூடத்தின் திண்ணையில், ஒரே ஒரு குழல்விளக்கின் கீழ் நம் சங்கம் நடத்திய மாலை வகுப்பில் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். வகுப்பு முடியும்வரை சுவர் ஓரத்தில் காத்திருப்பார். நான் உரக்கப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார்.

அத்தகைய தாயாருக்கு நான் செய்த ஒரு செயலைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நகரத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு படித்த காலம் அது. நல்ல மழை பெய்து, ஏரி நிறைந்து, கலங்கல் வழிந்தது. ஏரியைப் பார்க்க வேண்டும் என்று தோழியர் நால்வர் விரும்பினர். என் தாயார் மகிழ்ந்து, ஐவருக்கென விரால்மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தார். நானோ அவர்களைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நேரே ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். மதகையும் கலங்கலையும் காட்டினேன். அடுத்த பேருந்தில் திருப்பி அனுப்பிவிட்டேன். வீடு எங்கே என்று ஒருத்தி கேட்டாள். கையை எந்தப் பக்கம் நீட்டினேன் தெரியுமா? ஊர்த்தெருப் பக்கம் நீட்டினேன். அம்மா வெளியூர் சென்றிருக்கிறார் என்று பொய்யும் உரைத்தேன்.

மாலையில் அந்தக் குழம்பைத் தாயார் தெருப்பிள்ளைகளுக்குப் பகிர்ந்து ஊற்றினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், ஆறியும் இருப்பேன்.

பல மாதம் கழித்து, நம் சங்க நூலகத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட தன்வரலாற்றைப் படித்தேன். அவர் நமக்கு அயலார் அல்லர்; மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் அவர் பயின்ற கலாசாலையில் சுமார் 400 பிள்ளைகள். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். பழகினால் தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்கேனும் இருந்து படிப்பாராம். வகுப்புக் கலைந்ததும் எவரும் தம்மை எட்டிவிடாதபடி விரைந்து வீடு சேர்வாராம். விளையாட முடியாத கொடுமையை எண்ணிக் கலங்குவாராம்.

அப்பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறுவன் ஓடிய அதே ஓட்டத்தை ஏரிக்கரையில் நானும் ஓடியிருக்கிறேன் அல்லவா?

ஆனால் அவர் வாழ்க்கை அந்த ஓட்டத்தோடு நின்றுவிடவில்லை. எந்தப் பெயர் வெளிப்படும் என்று அஞ்சி ஓடினாரோ, அந்தப் பெயரையே சூட்டி 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1900வரை அதனை நடத்தினார். பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் 1924இல் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். ஒளித்த பெயரை உலகறிய உரைத்ததே அவருடைய உண்மையான பட்டம் என்று நான் எண்ணுகிறேன்.

அன்பர்களே! மறைப்பவர்களைப் பழிக்க நான் வரவில்லை. வாடகை வீடு தேடும்போதும், வேலைக்குப் போன இடத்திலும், சில வேளை மௌனமே நமக்குக் குடையாகிறது. அந்த மழையைப் பெய்விப்பவர்கள் நாம் அல்லோம். வெட்கப்பட வேண்டியவர்களும் நாம் அல்லோம். ஆயினும், பிறர் முன்னே காட்டும் மௌனம் வேறு; பெற்ற தாயின் வீட்டையே மறுக்கும் மௌனம் வேறு. முன்னது தற்காப்பு. பின்னதோ, நம்மை இழிவுபடுத்துவோர் சொல்வதை நாமே நம்பத் தொடங்கியதன் அடையாளம்.

‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் பதிவேட்டிலிருந்து ஒரு சொல்லை அரசு எடுக்கலாம். நெஞ்சிலிருந்து அச்சத்தை நாம்தான் எடுக்க வேண்டும். மதிப்பெண் பெறக் கற்ற நாம், அஞ்சாமல் முகவரி சொல்லவும் கற்றால்தான் கல்வி நிறைவுறும்.

ஆகவே இளைஞர் சார்பில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கல்லூரியில் முதலாண்டு சேரும் நம் பிள்ளை ஒவ்வொருவருக்கும், முன்னரே படித்த அண்ணன் ஒருவரோ அக்கா ஒருவரோ துணை என்று சங்கம் குறித்துத் தர வேண்டும். அந்த முதல் ஆண்டின் தனிமையே பெருந்துன்பம். மற்றொன்று, தறியிலும் வயலிலும் உழைத்த நம் தாய்மார்களின் வரலாற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி நம் நூலகத்தில் வைக்க வேண்டும். எழுதும் பணியை நானும் ஏற்கிறேன்.

இறுதியாக ஒன்று. சென்ற பொங்கலுக்கு அத்தோழியர் நால்வரையும் மீண்டும் அழைத்தேன். இம்முறை, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் அன்று பொய் சொன்னதையும் முன்னதாகவே கூறிவிட்டேன். மூவர் வந்து, எங்கள் வீட்டுத் தரையில் அமர்ந்து உண்டனர். ஒருத்தி வரவில்லை, இன்றுவரை பேசவும் இல்லை. அந்த இழப்பு எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். ஆனால் அன்று இரவு நான் நன்றாக உறங்கினேன்.

என் தாயார் இந்தக் கூடத்தின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று அவர் கேட்காத கேள்விக்கு, இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் விடை கூறிவிட்டேன்.