இருநிலை எஃகு
(அறிவியல் தமிழ்ப் பொழிவொன்றின் எழுத்து வடிவம்)



தமிழர்தம் அடுக்களைகளில் பளபளக்கும் ஏனங்களுக்கு 'எவர்சில்வர்' என்று பெயர் வழங்குகிறது. வேற்றுமொழிச் சொற்கள் இரண்டைப் பிணைத்த அப்பெயரில் பொய்களும் இரண்டு உள்ளன. அதில் வெள்ளி இல்லை. அஃது என்றும் கெடாத பொருளும் அன்று. சோற்று ஏனத்தின் பெயர் பொய்த்தால் இழப்புப் பெரிதன்று. ஆயின், கட்டடம் எழுப்புவோரும் குழாய் பதிப்போரும் 'இஃது என்றும் கெடாது' என்று நம்பிவிடின், அந்நம்பிக்கை உயிரையே கொள்ளும்.

கொண்டும் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு மேத் திங்கள் 9-ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டின் உசுட்டர் நகரில், நீச்சற்குளக் கூடமொன்றின் கற்காரைத் தொங்குகூரை இற்று வீழ்ந்து 12 பேர் மாண்டனர். அக்கூரையைத் தாங்கியிருந்தவை துருவேறா எஃகுத் தண்டுகளே! குளத்துக் காற்றிலிருந்து படிந்த குளோரைடும், கூரைச் சுமையால் எழுந்த இழுவிசையும் ஒன்றுகூடித் தண்டுகளில் நுண்வெடிப்புகளை உண்டாக்கி அவற்றை அறுத்துவிட்டன.

எஃகு துருவேறாதிருப்பது எதனால்? இரும்பில் ஏறத்தாழ 11 விழுக்காட்டிற்கு மேல் குரோமியம் சேருமாயின், அது காற்றின் உயிர்வளியோடு கூடி மாழையின்மேல் மெல்லிய தோலொன்றைப் போர்த்துகின்றது. மில்லிமீட்டரைப் பத்து இலக்கம் கூறிட்டால் அவற்றுள் சில கூறுகளே அத்தோலின் தடிப்பு. கீறினாலும் அது தானே மூடிக்கொள்ளும். ஆனால் கடலுப்பு அதனைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளைத் தோண்டவல்லது. குழிக்கும் வெடிப்புக்கும் எஃகு எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பது அதன் உள்ளமைப்பைப் பொறுத்தது.

எஃகினுள் அணுக்கள் பகடை வடிவில் அடுங்கி நிற்கின்றன. பகடையின் எட்டு மூலைகளோடு நடுவயிற்றிலும் ஓரணு நின்றால் அவ்வமைப்பை 'ஃபெரைட்டு' என்பர். இரும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. நடுவிலன்றி ஆறு முகங்களிலும் ஒவ்வோரணு நின்றால் 'ஆசுட்டனைட்டு'. இராபர்ட்சு ஆசுட்டன் என்னும் ஆங்கில அறிஞர் நினைவாக வந்த பெயர் இது. தமிழில் முன்னதை நடுவணுநிலை என்றும் பின்னதை முகவணுநிலை என்றும் சொன்னால், பெயரைக் கேட்ட அளவிலேயே அமைப்புக் கண்முன் நிற்கும் அன்றோ?

முகவணுநிலை எளிதில் உடையாது, வளைத்தால் வளையும். ஆயினும் உப்பும் இழுவிசையும் சூடும் ஒருங்கே தாக்கினால் வெடிக்கும். உசுட்டர்த் தண்டுகள் இந்நிலையின. நடுவணுநிலை அவ்வெடிப்பைப் பெரிதும் எதிர்க்கும். ஆயினும் கடுங்குளிரில் நொறுங்கும். ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமாறு இரண்டையும் செம்பாதியாய் அமைத்ததே இருநிலை எஃகு. 1930-இல் சுவீடன் நாட்டு அவெசுட்டாவில், தாள் ஆலைகளின் அரிப்பைத் தாங்குதற்பொருட்டு இது முதன்முதல் வார்க்கப்பட்டது. இன்று பெருவழக்கிலுள்ள வகையில் 22 விழுக்காடு குரோமியமும் 5 விழுக்காடு நிக்கலும் 3 விழுக்காடு மாலிப்டினமும், சிறிதளவு நைட்ரசனும் உண்டு. பொதுவகைத் துருவேறா எஃகினும் ஏறத்தாழ இருமடங்கு விசைக்கு இது வளையாது நிற்கும். இசுபெயின் நாட்டு மெனோர்க்காத் தீவில், உப்புக்காற்றால் உட்கம்பி துருவேறிய கற்காரைப் பாலத்தை நீக்கி, 2005-இல் இவ்வெஃகாலேயே சாலைப்பாலம் அமைத்தனர்.

இத்துணைச் சிறப்பும் கலவையால் மட்டும் வருவதன்று. சூட்டின் அளவால் வருவது. 1,040 முதல் 1,100 பாகை வரை உலையிற் காய்ச்சி, இருநிலையும் ஒத்து நிற்கும்போதே நீரிற் குளிர்விக்க வேண்டும். மெல்ல ஆறவிட்டால், 1,000 பாகைக்கும் 600 பாகைக்கும் இடையில் 'சிக்மா' என்னும் மூன்றாம் நிலை முளைக்கும். அது குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் தன்பால் ஈர்த்துக்கொள்ள, அண்டையிடம் வறுமையுறும். அவ்வறுமையிடத்திலேதான் அரிப்புப் புகும், எஃகும் நொறுங்கும். 475 பாகையை ஒட்டிய சூட்டில் நெடிது கிடப்பினும் நடுவணுநிலை உரம் இழக்கும்.

பற்றவைக்கும் இடத்திலோ இடர் இருபுறமும் உண்டு. விரைந்து குளிர்ந்தால் முகவணுநிலை மீண்டெழ நேரமின்றி நடுவணுநிலையே மிகும். தாழ்த்துக் குளிர்ந்தால் சிக்மா தலைகாட்டும். தொடக்கக்கால எஃகுகள் பற்றவைப்பிலேதான் தோற்றன. 1960-களின் இறுதியில் வந்த புதிய உருக்குமுறை, நைட்ரசனை அளவறிந்து சேர்க்க வழிதந்தது. முகவணுநிலையை விரைந்து மீட்பது அந்த நைட்ரசனே. அதன் பின்னரும் தொழிலாளியின் கைக்காவல் நீங்கவில்லை. 9 விழுக்காடு நிக்கலுள்ள கம்பியால் நிரப்புதல், ஓர் அடுக்கின்மேல் மறு அடுக்கிடுமுன் 150 பாகைக்குக் கீழ் ஆறவிடுதல், படிந்த நிறக்கறையைக் காடியிட்டு நீக்குதல் ஆகிய மூன்றையும் அவர் தவறாது காத்தல் வேண்டும்.

காவாது விட்டால் கண்ணுக்குத் தெரியுமோ? தெரியாது! நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே ஒளிரும். கலவை ஆய்விலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். துண்டொன்றை வெட்டி, மெருகிட்டு, காடி பூசி, உருப்பெருக்கியின்கீழ் வைத்தால்தான் உண்மை வெளிப்படும். காந்தம் பற்றினால் போலி என்னும் கடைத்தெரு வழக்கும் இங்குச் செல்லாது. நடுவணுநிலை பாதி இருத்தலால் இருநிலை எஃகைக் காந்தம் பற்றியே தீரும். பற்றாவிடத்துத்தான் ஐயுறவு வேண்டும்.

அன்பர்களே! எஃகு என்பது திருக்குறளிலேயே ஆட்சிபெற்ற பழஞ்சொல். அதனோடு 'இருநிலை' என்னும் அடைமொழி சேர்ந்தவுடன், 'இருநிலையும் ஒத்துள்ளனவா?' என்ற கேள்வியும் உடன் எழுகின்றது. எவர்சில்வர் என்னும் பெயரோ கேள்வியையே எழவிடாமல் உறங்கவைக்கின்றது. பற்றவைப்புத் தொழில் கற்கும் இளைஞர்க்கு, பொருளின் இயல்பைப் புலப்படுத்தும் தமிழ்ப்பெயரால் இவ்வறிவைக் கற்பிக்க வேண்டும். தாம் காக்கவேண்டியது இன்னதென்று அறிந்த கையே பாலத்தையும் குழாயையும், அவற்றை நம்பிய உயிர்களையும் காக்கும்.