கருவின் முதற்செய்தி

இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ள்ஸ் வேட்டையிலே பெருவிருப்புடையவன். அவனுடைய அரண்மனை வைத்தியராக இருந்தவர், உடலிலே குருதி சுற்றியோடும் உண்மையை 1628ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த வில்லியம் ஹார்வி என்பார். மன்னனின் வேட்டையில் வீழ்ந்த பெண் மான்களை அறுத்து, உயிர் கருவாகும் விதத்தை ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

மான்கள் இணைசேரும் காலம் செப்டெம்பர் மாதம். அம்மாதத்திலும் அடுத்த மாதத்திலும் அவர் அறுத்துப் பார்த்த கருப்பைகளிலே கரு என்று சொல்லத்தக்க எதுவும் தென்படவில்லை. வேட்டைக் காவலரோ, வைத்தியர் ஏதோ தவறாகக் கண்டுவிட்டார் என்று எண்ணினர். நவம்பர் மாதம் பிறந்தபின்னரே, சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள் கருப்பையின் நீளத்துக்குப் படர்ந்து கிடப்பதை அவர் கண்டார். 1651இல் வெளிவந்த தமது நூலில் அதனைப் பதிந்தும் வைத்தார். மானின் வடிவம் சிறிதுமின்றி நூலிழையாய்க் கிடந்த அதுவே கருவின் பகுதி என்பதும், கரு ஏன் அவ்வாறு நீள வேண்டும் என்பதும் பிற்காலத்தவர் விளக்கிய செய்திகள்.

மானைப் போன்றே அசைபோடும் இனத்தைச் சேர்ந்தது செம்மறியாடு. அதன் கருவும் அவ்வாறே நீளுகின்றது. இவ்விடயம் மிக விரிவாக ஆராயப்பட்டதும் செம்மறியாட்டிலேதான்.

பெண் செம்மறி ஏறக்குறைய பதினேழு நாட்களுக்கு ஒருமுறை கிடாயைத் தேடும். சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய இடத்திலே மஞ்சட்சடலம் என்னும் சிறு சுரப்பி தோன்றுகின்றது. அது சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோனே கருப்பையைக் கரு தங்குவதற்கேற்ற இல்லமாக வைத்திருக்கின்றது. ஆனால் அச்சுரப்பி நெடுநாள் வாழ்வதில்லை. இரு வாரங்கள் சென்றதும், கருப்பை தானே புரொஸ்தகிளாந்தின் என்னும் பொருளைச் சுரந்து அதனை அழித்துவிடுகின்றது. கருப்பைக்கு இதிற் பங்குண்டு என்பதற்கு 1923இலேயே சான்று கிடைத்தது. அமெரிக்காவில் லியோ லோப் என்பவர் கினிப்பன்றிகளின் கருப்பையை அகற்றியபோது, மஞ்சட்சடலம் வழக்கத்திலும் நீண்ட நாட்கள் நிலைத்திருந்தது.

இவ்வழிவு இயற்கையான ஒழுங்குதான். கரு உண்டாகாவிட்டால் காலத்தை வீணாக்காமல் மறுமுறை முயல்வதற்கு அது வழிசெய்கின்றது. ஆயினும் கரு உண்டாகியிருந்தால்? அப்பொழுதும், தடுப்பார் இல்லாவிடில், அழிவு தன் நாளிலே வந்தே தீரும். தடுக்கவேண்டிய பொறுப்பு, இன்னும் கருப்பைச் சுவரிலே வேரூன்றாத அந்தச் சிற்றுயிரின் தலையிலே விழுகின்றது.

அதற்குரிய நாள் எதுவென்பதைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மூர், றோசன் என்னும் இருவர் 1966இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. பன்னிரண்டாம் நாள் வரையில் கருவை அகற்றினால், ஆடு கரு ஒன்று இருந்ததையே அறியாதது போல வழக்கமான நாளிற் கிடாயைத் தேடியது. பதின்மூன்றாம் நாளுக்குப் பின் அகற்றினாலோ, கரு போய்விட்ட பின்பும் மஞ்சட்சடலம் நீடித்து வாழ்ந்தது. செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது! மறு ஆண்டில் அவர்கள் பதினான்கு, பதினைந்து நாட் கருக்களை அரைத்து, அச்சாற்றைக் கருவற்ற ஆடுகளின் கருப்பையிலே செலுத்திப் பார்த்தனர். அப்பொழுதும் மஞ்சட்சடலம் நீடித்தது. இருபத்தைந்து நாட் கருவின் சாறு பயன்படவில்லை. செய்தி உரிய நாட்களில் மாத்திரம் சொல்லப்படுகின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1969இல் றோஜர் ஷோர்ட் என்ற அறிஞர் இந்நிகழ்ச்சிக்குத் ‘தாய் கர்ப்பத்தை அறிதல்’ என்று பெயரிட்டார். அழகான பெயர், சற்றே மிகையான பெயரும்கூட. ஆடு மனத்தால் எதனையும் அறிவதில்லை. அறிவது அதன் கருப்பையே.

சொல்லப்படும் செய்திதான் என்ன? அது ஒரு புரதம். 1987இல் அதன் அமைப்பை ஆராய்ந்தவர்கள் வியப்படைந்தனர். வைரசுகள் தாக்கும்போது அவற்றை எதிர்ப்பதற்காக உடற்கலங்கள் சுரக்கும் இன்ரர்பெரோன் குடும்பத்தைச் சேர்ந்ததாக அது காணப்பட்டது. நோயை எதிர்க்கும் ஆயுதத்தின் உறவுப்பொருளே இங்கு தூதாகின்றது. அது கருப்பையின் உட்சுவரிலே செயற்பட்டு, புரொஸ்தகிளாந்தின் அலையலையாக எழாதவாறு தடுக்கின்றது. மஞ்சட்சடலம் பிழைக்கின்றது.

ஹார்வி கண்ட இழையின் மர்மமும் இங்கே துலங்குகின்றது. பதினோராம் நாளில் சில மில்லிமீற்றர் அளவான உருண்டையாயிருக்கும் செம்மறிக் கரு, சில நாட்களுக்குள் பத்துச் சென்ரிமீற்றரையும் தாண்டி இழையாக நீளுகின்றது. நீண்டாலன்றிப் போதிய அளவு புரதத்தைச் சுரக்கவும் முடியாது, கருப்பையின் பெரும்பகுதிக்கு அதனைச் சேர்ப்பிக்கவும் முடியாது.

பேசுவது கரு மாத்திரமன்று. கருப்பைச் சுரப்பிகளின் ஊட்டப்பாலே கருவை அக்காலத்தில் வளர்க்கின்றது. அச்சுரப்பிகள் வளராதபடி செய்யப்பட்ட ஆடுகளிலே கரு நீளத் தவறியதையும், கர்ப்பம் நிலையாததையும் 2001இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. ஊட்டம் பெறாத கருவுக்குக் குரலும் இல்லை.

எல்லா விலங்குகளும் ஒரே மொழியிற் பேசுவதில்லை. பன்றியின் கரு ஈஸ்திரஜனைச் சுரக்கின்றது. அங்கே ஒரு கருவின் குரல் போதாது, குறைந்தது நான்காவது இருந்தாலன்றிக் கர்ப்பம் பொதுவாக நிலைப்பதில்லை. நாய்க்கு இத்தொல்லையே கிடையாது. கருவுற்றாலும் உறாவிட்டாலும் அதன் மஞ்சட்சடலம் ஏறக்குறைய ஒரே காலம் வாழ்கின்றது. குதிரையின் கருவோ நீளுவதே இல்லை. உருண்டையாகவே இருந்து, பதினாறாம் நாள் வரையில் கருப்பை முழுவதும் உருண்டு திரிகின்றது. வீடு வீடாகச் சென்று செய்தி சொல்பவனைப் போல! ஒரு கொம்பிலேயே அதனை அடைத்துவைத்தால் கர்ப்பம் கலைகின்றது. ஆனால் அது சொல்லும் சொல் எது என்பது இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பிடிபடவில்லை.

பசுவின் கரு செம்மறிக் கருவின் மொழியையே பேசுகின்றது. காளையுடன் சேர்த்த பசு, இருபத்தோராம் நாளிலே மறுபடி காளையைத் தேடுகின்றதா என்று பசு வளர்ப்போர் பார்த்திருப்பது வழக்கம். தேடாவிட்டால் சினைப்பட்டது என்று மகிழ்வார்கள். அந்தச் செய்தியைக் கருப்பை பதினாறு, பதினேழாம் நாட்களிலேயே கேட்டுவிடுகின்றது.