சைக்கிள் வண்டியின் விலையும் பெறுமானமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்தில் கடன் பெற்றுச் சைக்கிள் வண்டி வாங்க விரும்புவோர் முதலில் விலையையே விசாரிக்கின்றனர். பாற்பாத்திரம் சுமக்கவும், சந்தைக்கு மூட்டை கொண்டுபோகவும், குழந்தையைப் பள்ளியில் விட்டு வரவும் ஒரே வண்டி உதவவேண்டுமாயின், அது எத்தனை வருஷம் உழைக்கும், ரிப்பேருக்கு என்ன செலவாகும் என்பவற்றை அறிந்த பின்னரே விலையை மதித்தல் தகும்.

ஒரு வண்டியின் விலை 5,000 ரூபாய், வருஷ ரிப்பேர் 1,500 ரூபாய், ஆயுள் 3 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று 7,000 ரூபாய். ரிப்பேர் 700 ரூபாய். ஆயுள் 8 வருஷம். முன்னதற்கு வருஷமொன்றுக்கு ஏறக்குறைய 3,170 ரூபாயும், பின்னதற்கு 1,575 ரூபாயுமே ஆகின்றன. அன்றியும், தவணை தீருமுன் வண்டி ஓய்ந்துபோனால், ஓடாத வண்டிக்கு வட்டி கட்ட நேரும். பால் கொண்டுபோக இயலாத நாட்களின் வரும்படி நஷ்டமோ இக்கணக்கில் சேரவேயில்லை.

பாரம் சுமக்கும் வண்டிக்குச் சக்கரமே பிரதானம். 28 அங்குலச் சக்கரமுள்ள பழைய மாதிரிக் கறுப்பு வண்டியில் முன்சக்கரத்திற்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்திற்கு 40 கம்பிகளும் அமைத்தல் வழக்கம். சுமையில் பெரும்பாகம் பின்னால் விழுவதே காரணம். ஆங்கில நாட்டு வண்டிகளைப் பின்பற்றிய இம்மாதிரியின் உறுப்புகள் சிற்றூர்க் கடைகளிலும் அகப்படும். ரிப்பேர் செய்வோருக்கும் கைவந்த வேலை.

முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும் பல கியர்களும் உள்ள வண்டிகள் வாலிபர்களைக் கவர்கின்றன. குறைந்த விலையில் இவ்வளவும் கொடுப்பவர், ரிம்மிலோ அச்சுக் குண்டுகளிலோ செலவைக் குறைத்தே தீரவேண்டும். பின்புற ஸ்பிரிங் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை விழுங்கும். கேரியரில் மூட்டை கட்டவும் இடைஞ்சல். மேட்டுப் பாதையில் கியர் உதவும் என்பது மெய்யே. தஞ்சாவூர் ஜில்லாவைப் போன்ற சமவெளியில் ஒரு கியரே போதும்.

பழைய மாதிரியிலும் ஒரு குறை உண்டு. முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக்கு சரியாய்ப் பிடிக்காது. அலுமினிய ரிம் இதில் மேலானது. மழைநாளில் பாரத்துடன் செல்வோர் தூரத்திலேயே பிரேக்கை அழுத்தத் தொடங்கவேண்டும்.

கடையில் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பிரேக்குக் கட்டைக்கும் ரிம்முக்குமுள்ள இடைவெளி மாறாதிருத்தல் வேண்டும். மிதிகட்டைத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தோன்றலாகாது. புது வண்டிகள் கடைகளிலேயே பூட்டப்படுகின்றமையால், நல்ல வண்டியும் அவசர வேலையால் கெடுவதுண்டு. புதுக் கம்பிகள் சிறிது தளரும் இயல்பின. ஆகையால், ஒரு மாதம் ஓட்டியபின் கம்பிகளை இறுக்கிக் கோட்டம் எடுத்துத் தருவதாக, பணம் செலுத்துமுன் கடைக்காரரிடம் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.