அந்த அறையில் நம் பெயரை யார் சொல்வார்கள்?

(மகளிர் தினத்தை ஒட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த கூட்டத்தில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

கோலப் போட்டி முடிவை அறிவிக்கும் வரை பத்து நிமிஷம் பேசச் சொன்னார் செக்ரட்டரி சார். பரிசு யாருக்கு என்ற நினைப்பிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். பரவாயில்லை, நான் பேசப் போவதும் கிட்டத்தட்ட அதைப் பற்றித்தான்.

மனிதவளத் துறையில் பல வருஷமாக இருக்கிறேன். பதவி உயர்வு முடிவாகும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பத்துப் பேரின் விவரம் மேஜைமேல் இருக்கும். வருஷ மதிப்பீட்டில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது ஒரு மேனேஜர், "இந்தப் பையனை எனக்குத் தெரியும். போன வருஷம் அந்த கஸ்டமர் பிரச்சினையை விடிய விடிய உட்கார்ந்து தீர்த்தான்" என்பார். அவ்வளவுதான், முடிந்தது. அதே மாதிரி வேலையை ஒரு பெண்ணும் செய்திருப்பாள். அதைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. அவளை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அவள் பேச்சே எழுவதில்லை.

மேனேஜருக்கு அந்தப் பையனை எப்படித் தெரியும்? டீக்கடையில், சனிக்கிழமை கிரிக்கெட்டில், ஆறு மணிக்கு மேல் ஆற அமரப் பேசுகிற அரை மணியில். நம் பெண்ணோ ஐந்தே முக்கால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள். வீட்டில் டியூஷன், மாமியாருக்கு மாத்திரை, மறுநாள் இட்லிக்கு மாவு. இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து யார் எந்த நாற்காலியில் என்பதை அந்த அரை மணிகள்தான் தீர்மானிக்கின்றன.

ஹெர்மினியா இபாரா என்ற பேராசிரியரும் அவருடன் இரண்டு ஆய்வாளர்களும் 2010இல் 'ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ'வில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்களுக்கு அறிவுரை சொல்லும் மென்டர் நிறையவே கிடைக்கிறார்கள், மேலிடத்தில் அவர்களுக்காகப் பேசும் ஸ்பான்சர்தான் குறைவு என்பது அதன் சாரம். ஸ்பான்சர் என்றதும் நமக்கு நவராத்திரிச் சுண்டல் ஞாபகம் வரும். இது வேறு. "இவரைப் போடுங்கள், நான் பொறுப்பு" என்று தன் பெயரைப் பணயம் வைப்பவர்தான் இங்கே ஸ்பான்சர்.

நம் சென்னையில் படித்த இந்திரா நூயியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டோரோலாவில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் கெர்ஹார்ட் ஷுல்மேயர். அவர் ஏபிபி நிறுவனத்துக்குப் போனபோது நூயியும் 1990இல் அங்கே போனார். 1994இல் பெப்சிகோ, 2006இல் அதன் தலைமை. திறமை இல்லாமல் இது நடக்காது. ஆனால் அந்தத் திறமையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் மேலே இருந்தார்.

நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு. "சிபாரிசில் வேலை வாங்கினால் கேவலம்" என்று சொல்லியே பெண்களை வளர்க்கிறோம். தகுதியில்லாதவரை உள்ளே தள்ளுவது கேவலம்தான். தகுதி உள்ளவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வது அந்தக் கணக்கில் வராது. ஒரு ஆண் அதிகாரி ஒரு பெண்ணுக்காகப் பேசினால் கேன்டீனில் என்ன பேசுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே நல்ல அதிகாரிகள் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

சட்டம் போட்டால் சரியாகுமா? 2013 கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகளின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. பல கம்பெனிகள் முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்கார வைத்துக் கணக்கை முடித்தன. அதற்குமேல் அவர்களுக்கு எந்தப் பெண்ணையும் தெரியவில்லை போலிருக்கிறது! பிறகு செபி தலையிட்டு, 2019 ஏப்ரலிலிருந்து முதல் 500 கம்பெனிகளிலும், அடுத்த ஏப்ரலிலிருந்து முதல் 1000 கம்பெனிகளிலும் குடும்பத்தைச் சாராத சுயேச்சைப் பெண் இயக்குநர் கட்டாயம் என்றது.

இனி நம் அபார்ட்மென்ட்டுக்கு வருகிறேன். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர். எப்போதாவது என்றவர்கள் 55க்கு மேல். அபூர்வமாக என்றவர்கள் 28 அளவில். நெருங்கியவருக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதுச் சேதி கொண்டுவரும். அவர் விசாரித்ததும் ஆண்களைத்தான் என்பது வேறு கதை.

எப்போதாவது பார்க்கிற ஆள் என்றால் யார்? லிஃப்டில் தலையாட்டுகிறோமே, அவர்தான்! இந்த வித்தை நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காக்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டில் வேலை நின்றால், வாட்ச்மேன், அயர்ன்காரர் என்று விசாரித்து இரண்டே நாளில் அடுத்த வீடு பார்த்துவிடுவார்கள். நம் லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பிளம்பர் நம்பர் கேட்கிறோம், கீரை கேட்கிறோம். வேலை கேட்டு ஒரு மெசேஜ் நான் பார்த்ததில்லை.

சம்மதம் வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். நம் வளாகத்தில் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், குழந்தைகளுக்காக ஏழு வருஷம் வேலையை விட்டவர், எட்டு மாசமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் அதே லிஃப்டில் இறங்கும் ஒருவர் ஆடிட் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். இருவரும் முதலில் பேசிக்கொண்டது போன மாசம் தண்ணீர் லாரிச் சண்டையில். இப்போது ஒரு இன்டர்வியூ முடிந்திருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

வாசலில் காபி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஃபிளாட் நம்பர், என்ன வேலை தெரியும், எத்தனை வருஷ இடைவெளி, எந்தத் துறையில் உங்களால் ஒருவரை அறிமுகம் செய்ய முடியும் என்று எழுதுங்கள். கடைசிப் பத்தியை ஆண்களும் நிரப்ப வேண்டும், முக்கியமாக மேனேஜர் பதவியில் இருப்பவர்கள். வேலை வாங்கித் தர வேண்டாம். "இவரிடம் பேசிப் பாருங்கள்" என்று ஒரு போன் போதும். நோட்டு ஒரு வாரம் அசோசியேஷன் ஆபீஸில் இருக்கும். பேனாவை மட்டும் யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள்.